மூச்சே வந்ததா?

2024 அக்டோபர் 24, வியாழன்: சுலைமானியா

ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் பிழைப்பு. பதினான்கு வருடமாக மாதக் கடைசி என்றாலே எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். இந்த மாதப் பட்டியலை முன்னதாகவே முடித்துக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு முன்பாக ஆறு நாள், சம்பளம் என்ற பேச்சே காதில் விழாத ஊருக்குப் போய்வரலாம் என்று கிளம்பினேன். அப்படித் தேர்ந்தெடுத்த ஊர், இராக்கின் வடகிழக்கு மூலையில், குர்துகளின் தன்னாட்சிப் பகுதியான குர்திஸ்தானில் இருக்கும் சுலைமானியா. 2019இல் யுனெஸ்கோ இலக்கிய நகரம் என்று பட்டம் கொடுத்த ஊர், சாலைகளுக்குக் கவிஞர்களின் பெயர் வைத்த ஊர் என்று படித்திருந்தேன். அதெல்லாம் உண்மைதான். சம்பள விஷயத்தில்தான் ஏமாந்துபோனேன்.

ஊர்க்காரர்கள் வாயில் இது ஸ்லேமானி. 1784இல் பாபான் வம்சத்து இப்ராகிம் பாஷா கட்டிய ஊர். இந்தப் பக்கத்து ஊர்களின் வயதோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரம் என்பதால் விமானத்தை விட்டு இறங்கியதும் காற்றில் ஓர் இதமான குளிர். ஷார்ஜாவின் புழுக்கத்திலிருந்து வந்தவனுக்கு அதுவே கொடுத்த காசுக்குச் சரியாகிவிட்டது.

தங்கும் விடுதியில் அட்டை வாங்க மாட்டார்களாம், ரொக்கம்தான். பணம் மாற்றப் பஜாருக்கு நடந்தேன். நடைபாதையில் சிறு மேசை போட்டு, தினார் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காவலுக்கு ஒருவரும் இல்லை. ஒருவர் அடுக்கை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் சொல்ல எழுந்து போனார். 100 டாலருக்கு ஏறக்குறைய 1,50,000 தினார். நான் நீட்டிய நூறு டாலர் நோட்டின் ஓரத்தில் கடுகளவு நீல மை இருந்தது. முதல் ஆள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாமவரும் மூன்றாமவரும் அப்படியே. நான்காமவர் 5,000 தினாரைக் கழித்துக்கொண்டு வாங்கினார். கறைபட்ட நோட்டோடு யாரும் இந்த ஊருக்குப் போக வேண்டாம்.

இரவு லிஃப்டில் ஏறினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே இருட்டு. கூட இருந்த கிழவர் பதறவில்லை. இருட்டிலேயே "மொவலிதே" என்றார். ஜெனரேட்டர் என்று பொருள் எனப் பின்னால் தெரிந்தது. அரசு மின்சாரம் போனதும் தெருமுனை ஜெனரேட்டரிலிருந்து கம்பி வழியாக வருகிறது. வீட்டுக்கு இத்தனை ஆம்பியர் என்று மாதாமாதம் காசு கட்டி வாங்குகிறார்கள். அரை நிமிடத்தில் லிஃப்ட் அசைந்தது. கிழவர் தம் கைப்பையிலிருந்து ஒரு வாதுமைக் கொட்டையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அக்டோபர் 25, வெள்ளி: கோய்ஜா மலை, தேநீர்க் கடை

விடுமுறை நாள். ஊரே மலைக்குப் போகிறது என்றார்கள், நானும் போனேன். கோய்ஜா ஊரின் முதுகில் சாய்ந்து நிற்கும் மலை, அதை அடுத்து அஸ்மர். மரங்கள் குறைவு, பொட்டல் பாறைதான் அதிகம். மேலிருந்து பார்த்தால் ஊர் ஒரு பெரிய தாம்பாளத்தில் கொட்டிய சர்க்கரைக் கட்டிகள் மாதிரி தெரிகிறது. மாகாணத்தில் 20 லட்சத்துக்கும் மேல் ஜனம். துல்லியமான எண்ணிக்கை வேண்டுமென்றால் அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும். நாடு முழுவதற்குமாக 1987க்குப் பிறகு நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நவம்பர் 20இல் தொடங்குகிறது. முப்பத்தேழு வருடம் தலையை எண்ணாமலே ஒரு நாடு பட்ஜெட் போட்டிருக்கிறது! என் தொழிலில் இருப்பவனுக்கு இதைக் கேட்டால் தலை சுற்றும்.

மலைச்சரிவில் குடும்பம் குடும்பமாகக் கம்பளம் விரித்து, சமோவரில் தேநீர் கொதிக்க உட்கார்ந்திருந்தார்கள். தனியாக நடந்தது என் தப்பு. ஐந்து நிமிடத்துக்குள் ஒரு குடும்பம் கையைப் பிடித்து இழுத்து உட்கார்த்திவிட்டது. ஒரு பெரிய தட்டை அண்டாவின் வாயில் கவிழ்த்து, இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கி, "பிஸ்மில்லா" சொல்லித் தலைகீழாகத் திருப்பினார்கள். அண்டாவைத் தூக்கியதும் யாப்ராக். திராட்சை இலை, கீரை இலை, வெங்காயத் தோடு, குட்டிக் கத்தரிக்காய் என எல்லாவற்றுக்குள்ளும் புளிப்பேறிய சோற்றைத் திணித்து அடுக்கி வேகவைத்தது. அடியில் இருந்த விலா எலும்புக் கறி இப்போது உச்சியில். வெங்காயத் தோட்டுக்குள் இருந்த சோறுதான் எல்லாவற்றிலும் உயர்வு. ஏழு தின்றதும் போதும் என்று கையை நெஞ்சில் வைத்தேன். அது நன்றி என்று புரிந்துகொள்ளப்பட்டு இன்னும் ஐந்து விழுந்தது.

அந்த வீட்டுப் பையன்கள் என்னைக் காக்கா, காக்கா என்றார்கள். முதலில் தூக்கிவாரிப்போட்டது. குர்திஷில் காக்கா என்றால் அண்ணன். காயல்பட்டினத்திலும் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் சமாதானமாகிவிட்டேன்.

சாயங்காலம் பஜார். பாதிக் கடை மூடியிருந்தது. போன ஞாயிறுதான் குர்திஸ்தான் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்திருக்கிறது. கிழிந்த சுவரொட்டிகள் கால்களில் சுற்றின. இந்த ஊர் பச்சைக் கட்சியின் கோட்டை. இராக்கின் மறைந்த முன்னாள் ஜனாதிபதி ஜலால் தலபானி ஆரம்பித்த கட்சி. குர்திஸ்தானின் தலைநகர் அர்பில் பக்கம் மஞ்சள் கட்சி. 1994 முதல் 1998 வரை இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன.

ஷஅப் என்ற பழைய தேநீர்க் கடையில் நுழைந்தேன். சுவர் முழுக்கக் கவிஞர்கள், கலைஞர்கள் படங்கள், டொமினோ கட்டைகளைத் தட்டும் சத்தம், புகை. இடுப்புக் குறுகிய கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர் வரும், அடியில் சர்க்கரை அரை விரல் உயரத்துக்குக் கிடக்கும். கலக்கினால் பாகு. பக்கத்து மேசைக்காரர் என் கரண்டியை எடுத்து அப்புறம் வைத்தார். கலக்காமல் மேலாகக் குடித்து, சர்க்கரையை அடியிலேயே விட்டுவிட்டு, அடுத்த தேநீரை அதன்மேல் ஊற்றிக்கொள்வது அவர் வழக்கம். பள்ளியில் கணக்கு வாத்தியார். இங்கே ஆசிரியரை மாமோஸ்தா என்கிறார்கள். கவிஞருக்கும் மௌலவிக்கும்கூட அதே மரியாதைச் சொல்தான்.

அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும், மிச்சத்தைக் கைப்பேசியில் தட்டிக் காட்டுவார். சுற்றிலும் எல்லா மேசையிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப விழுந்தது: மூச்சே. மூச்சே வந்ததா, மூச்சே எப்போது வரும், பாக்தாத் மூச்சே அனுப்பியதா. மூச்சே என்றால் என்ன மாமோஸ்தா என்று கேட்டேன். கைப்பேசியில் தட்டிக் காட்டினார்.

சம்பளம்.

சிரித்துவிட்டேன். தமிழில் மூச்சு என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் அதை உடனே மேசைமேசையாக மொழிபெயர்த்துச் சொல்ல, ஒருவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "உங்கள் மொழிதான் சரியான மொழி" என்றார்.

கதை இதுதான். குர்திஸ்தான் பகுதியில் அரசுச் சம்பளம், ஓய்வூதியம் என்று வாங்குகிறவர்கள் சுமார் 12 லட்சம் பேர். மொத்த ஜனம் 60 லட்சத்துக்குச் சற்று மேல். அப்படியானால் கிட்டத்தட்ட ஒவ்வொரு வீட்டின் அடுப்பும் இந்தக் கஜானாவில்தான் எரிகிறது. எண்ணெயை யார் விற்பது என்ற தகராறில் 2014இல் பாக்தாத்திலுள்ள மத்திய அரசு, குர்திஸ்தானுக்குத் தரும் பட்ஜெட் பங்கை நிறுத்தியது. அதே வருடம் ஐஎஸ் படையோடு போர், எண்ணெய் விலையும் சரிந்தது. 2016இல் சம்பளத்தில் ஒரு பகுதியை 'சேமிப்பு' என்ற பெயரில் அரசே பிடித்துவைத்துக்கொண்டது. 2023 மார்ச்சில் துருக்கி வழியாகப் போகும் எண்ணெய்க் குழாயும் மூடப்பட்டது, 2024 அக்டோபர் வரை திறக்கவில்லை. இந்த வருடம் பிப்ரவரியில் சம்பளத்தைப் பாக்தாதே நேராகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த வேகத்தில் மூச்சே வரவில்லை. மாமோஸ்தாவுக்குப் போன மாதத்தது பாக்கி. 'சேமிப்பு' என்று பிடித்தது எப்போது திரும்பும் என்றேன். தேநீர்க் குவளையின் அடியில் கிடந்த சர்க்கரையைக் காட்டினார்.

நான்கு தேநீர், 2,000 தினார். காசை எடுப்பதற்குள் அவர் கொடுத்துவிட்டார். ஒரு மாதமாகச் சம்பளம் வாங்காத மனிதர்.

அக்டோபர் 26, சனி: ஹலப்ஜா

மாமோஸ்தா பள்ளி விடுமுறையிலும் மாலையிலும் டாக்ஸி ஓட்டுகிறார். பாதி வாத்தியார்கள் அப்படித்தான் என்றார். ஹலப்ஜாவுக்குப் போய்வர 60,000 தினார் என்று நானே சொல்லி வற்புறுத்திப் பேசி முடித்தேன்.

ஊரைத் தாண்டியதும் ஷாரஸூர் சமவெளி. கோதுமை அறுத்த தாள் காய்ந்து, வைக்கோல் நிறத்தில் மலையடிவாரம் வரை கிடக்கிறது. பெயருக்கு எண்ணெய் நாடு, ஆனால் இந்தச் சமவெளியில் முன்பு விளைந்த அளவு இப்போது விளைவதில்லை என்று மாமோஸ்தாவுக்கு ஆதங்கம். 1988க்கு முன்னும் பின்னும் சதாம் உசேனின் அரசு கிராமங்களை இடித்து ஜனங்களை முகாம்களில் அடைத்தது. அப்படி நகரத்துக்கு வந்தவர்கள் பலர் திரும்பிக் கலப்பை பிடிக்கவில்லை. அரசுச் சம்பளமும் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். சாலையோரக் கடையில் வாங்கிய தயிர் ஈரானில் செய்தது, பிஸ்கட் துருக்கியுடையது. சமவெளி நடுவே நின்றுகொண்டு இறக்குமதித் தயிர் சாப்பிட்டேன்.

எதிரே ஹவ்ராமான் மலை. அதற்கு அப்பால் ஈரான். அந்தப் பாதைகளில் முதுகில் மூட்டை கட்டி எல்லை தாண்டுகிறவர்களைக் கோல்பர் என்கிறார்கள், முதுகுச் சுமையாளி. டயர், சிகரெட், தேயிலை, தொலைக்காட்சிப் பெட்டி. பனியும் தோட்டாவும் ஒவ்வொரு வருடமும் சிலரைத் தின்கின்றன.

ஹலப்ஜாவை 2014இல் குர்திஸ்தான் அரசு தனி மாகாணமாக அறிவித்தது. பாக்தாத் நாடாளுமன்றம் 2024 அக்டோபர் வரை ஒப்பவில்லை. அதனால் பாக்தாத் கணக்கில் நான் இன்று முழுக்க சுலைமானியாவிலேயே இருந்தேன்.

1988 மார்ச் 16. சதாமின் விமானங்கள் விஷ வாயு போட்டன. ஒரே நாளில் ஏறக்குறைய 5,000 பேர். முதலில் ஆப்பிள் வாசம் வந்தது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நினைவுச்சின்னத்துக்குள் இறந்தவர்கள் பெயர்கள் சுவர் முழுக்க. பட்டியல்களைப் பார்த்தே வாழ்கிறவன் நான். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும் பட்டியலை இதற்கு முன் பார்த்ததில்லை. 2003இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் வந்து திறந்த கட்டடம் இது. 2006இல் அதே மார்ச் 16 அன்று ஊர்க்காரர்களே இதற்குத் தீ வைத்தார்கள். வருடத்துக்கு ஒருநாள் தலைவர்கள் வந்து மாலை போடுகிறார்கள், சாலையும் தண்ணீரும் மட்டும் வரவில்லை என்ற கோபம். பிறகு திரும்பக் கட்டினார்கள். மாமோஸ்தா உள்ளே வரவில்லை, காரிலேயே இருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வெளியே மாதுளை. ஹலப்ஜா மாதுளைக்கு இது பருவம். வண்டி வண்டியாகக் குவித்திருந்தார்கள், கிலோ 1,250 தினார். விற்கிற சிறுவன் கத்தியால் தலையைச் சீவி, முத்தின் கோடு பார்த்து நான்கு இடத்தில் தோலை மட்டும் கீறி, இரண்டு கையாலும் பிளந்தான். ஒரு முத்துகூட உடையவில்லை. புளிப்பு, இனிப்பு, இரண்டும் கலந்தது என்று மூன்று வகை. கலந்ததை வாங்குங்கள். ஆறு கிலோ வாங்கினேன், முட்டாள்தனம்.

திரும்பி வந்து காசு கொடுத்தபோது மாமோஸ்தா "காபிலி நியே" என்றார். உங்களுக்கு ஈடாகாது, வேண்டாம் என்று அர்த்தம். இது ஒரு மரபு, மூன்று தடவை வற்புறுத்த வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஐந்து தடவை ஆயிற்று. கடைசியில் நோட்டுகளை இருக்கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். பாதித் தொகை மறுநாள் விடுதி வரவேற்பறையில் எனக்காக உறையில் இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு: வயிறு, சிவப்புக் கட்டடம்

காலையில் சர்ஷேர் என்ற பாலாடையும் தேனும் சுடச்சுட நானும் தின்றேன். (நான் என்பது ரொட்டி. "நான் வேண்டும், நான் வேண்டும்" என்று ஒரு கடை முழுக்கக் குரல் கேட்பது தமிழனுக்கு வேடிக்கைதான்.) அளவு தெரியாமல் தின்றதற்குப் பத்து மணிக்குள் தண்டனை. மருந்துக்கடைக்காரர் மாத்திரையை 3,000 தினாருக்குக் கொடுத்தார், மாஸ்தாவ் குடி என்ற அறிவுரை இலவசம். மாஸ்தாவ் நம்மூர் மோர்தான், உலர்ந்த புதினா மிதக்கும்.

மத்தியானம் கொஞ்சம் தெளிந்து அம்னா சூரகா போனேன். சிவப்புப் பாதுகாப்பு என்று பெயர். சதாமின் உளவுத்துறைச் சிறை. 1991 மார்ச் எழுச்சியில் ஊர் ஜனம் இதைப் பிடித்தது. சுவரின் குண்டுத் துளைகளைப் பூசாமலே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். நுழைந்ததும் ஒரு நீளமான நடைபாதை. இரு சுவரிலும் உடைந்த கண்ணாடித் துண்டுகள், 1,82,000. சதாமின் ராணுவம் 1988இல் குர்துகள்மேல் நடத்திய அன்ஃபால் படுகொலையில் போனதாகக் குர்துகள் சொல்லும் உயிர்களுக்குத் தலைக்கு ஒரு துண்டு. அழிந்த கிராமங்களுக்காகக் கூரையில் சின்ன விளக்குகள். நடக்கும்போது என் முகம் முழுதாக எங்கும் தெரியவில்லை, ஒரு துண்டில் காது, ஒன்றில் சட்டைப் பொத்தான். எதிரே பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒரு பெண் நின்று, ஒரு துண்டில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

அடுத்த அறைகளைப் பற்றி எழுதப்போவதில்லை.

அக்டோபர் 28, திங்கள்: டூக்கான்

கராஜில், அதாவது டாக்ஸி நிலையத்தில், நான்கு நபர் சேர்ந்தால்தான் பகிர்வு டாக்ஸி கிளம்பும். அவர்களும் 'நஃபர்' என்றுதான் எண்ணுகிறார்கள். அரபுச் சொல் நமக்கும் வந்திருக்கிறது. நான்காம் நஃபர் வர ஒரு மணி பத்து நிமிடம்.

தஸ்லுஜா சோதனைச்சாவடி தாண்டினால் சிமென்ட் ஆலைகளின் புகை. மலையைத் தின்று மலைபோலவே தூசியைக் கக்குகின்றன. இந்த மாகாணத்தில் உருப்படியாகப் பொருள் செய்யும் தொழில் என்றால் முதலில் சிமென்ட்டைச் சொல்ல வேண்டும். இன்னொன்று எரிவாயு. சம்ச்சமால் பக்கத்து கோர் மோர் வயலிலிருந்து வரும் வாயுவில்தான் குர்திஸ்தானின் மின்நிலையங்கள் பெரும்பாலும் ஓடுகின்றன. இந்த ஏப்ரலில் அங்கே ட்ரோன் விழுந்து நான்கு ஏமன் தொழிலாளர்கள் இறந்தார்கள். முதல் நாள் நான் லிஃப்டில் நின்றபோது பெருமூச்சு விட்டேனே, அது இப்போது கூச்சமாக இருக்கிறது. ஏதோ ஓர் அலுவலகத்தில் என்னைப்போல ஒருவன் அந்த நான்கு பெயர்களையும் அடுத்த மாதப் பட்டியலிலிருந்து எடுத்திருப்பான். அதற்கு ஒரு படிவம் உண்டு.

டூக்கான் அணை 1950களில் சிறிய ஸாப் ஆற்றின் குறுக்கே கட்டியது. 116 மீட்டர் உயரம். இரண்டு பாறைகளுக்கு நடுவே வில்லாக வளைந்து நிற்கிறது. ஏரியின் கரையில் நீர் இறங்கிய கோடுகள் படிக்கட்டுபோல. ஆறு பிறப்பது ஈரானில், அங்கேயும் அணை கட்டிவிட்டார்கள். பாக்தாத்தோடு எண்ணெய்ச் சண்டை, ஈரானோடு தண்ணீர்ச் சண்டை.

ஆற்றங்கரை உணவகத்தில் தொட்டியில் நீந்தும் கெண்டையைக் காட்டி விலை கேட்டேன். 10,000 என்றார்கள். மீன் ஒன்றுக்கு என்று நினைத்தது என் குற்றம், எடை போட்டபின் கிலோவுக்கு என்றது அவர்கள் குற்றம். முதுகைப் பிளந்து விரித்துத் தணலோரம் நிறுத்தி, ஒரு மணி நேரம் வாட்டிக் கொண்டுவந்தார்கள். 32,000 தினார், அதாவது சுமார் 1,800 ரூபாய். தனி ஆளுக்கு! பாதி மீனைப் பூனைகள் தின்றன. நாலு நாளாக யாரும் காசு வாங்காத ஊரில் ஒரே மத்தியானத்தில் கணக்கு நேராகிவிட்டது.

சாப்பிட்டு எழும்போது பருவத்தின் முதல் மழை. ஆறு மாதத் தூசியோடு சேறாக விழுந்தது. எல்லோரும் ஓடி ஒதுங்க, பரிமாறுகிற பையன்கள் மட்டும் வெளியே வந்து முகத்தைத் தூக்கி நின்றார்கள். என் செருப்பின் வார் அறுந்தது. கராஜ் வரை ஒற்றைக் காலில் தத்தி நடந்தேன். டாக்ஸிக்காரர் பின்பெட்டியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டார். இடது கால் 42, வலது கால் 40. திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்: திரும்பல்

மாமோஸ்தாவுக்குப் பள்ளி. விடைபெற வர முடியாது என்று காலையிலேயே எழுதியிருந்தார். விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஆறு கிலோவில் இரண்டு மாதுளை நசுங்கி, வெள்ளைச் சட்டை ஒன்று கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது. அதிகாரி பார்த்ததும் "ஹலப்ஜா?" என்றார். ஆமாம் என்றேன். நசுங்காததில் ஒன்றை எடுத்து நீட்டினேன். காபிலி நியே சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

இரவு ஷார்ஜாவில் இறங்கிக் கைப்பேசியைத் திறந்தபோது மாமோஸ்தாவிடமிருந்து ஒரு குரல் செய்தி, நாற்பது வினாடி, முழுக்கக் குர்திஷ். பின்னால் குழந்தைகள் சத்தமும் கண்ணாடிக் குவளைச் சத்தமும். எழுத்தாக இருந்தால் கைப்பேசி மொழிபெயர்த்துவிடும், குரலுக்கு அதற்கு வழி தெரியவில்லை. மூன்று முறை கேட்டேன். காக்கா என்று ஒரு தடவை வருகிறது, மூச்சே என்று இரண்டு தடவை. வந்துவிட்டது என்கிறாரா, இன்னும் வரவில்லை என்கிறாரா, அது மட்டும் பிடிபடவில்லை.